நாச்சிமுத்து இருக்கும் இடம்

"உங்க தகப்பனார் நரகத்துலதாம்மா இருக்காரு. இதைச் சொல்றதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் போதகர் வேதமாணிக்கம். சொல்லிவிட்டு, ஆனந்தமேரி கொடுத்திருந்த காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

அவர் சொன்னதைக்கூட அவள் பின்னாளில் மறந்திருப்பாள். அந்த ஒரு வாய் காப்பியைத்தான் மறக்க முடியவில்லை. ஒரு மனுஷனை நெருப்புக்குள் தள்ளிவிட்டு அடுத்த மூச்சில் எப்படிக் காப்பி இறங்கும்? அதுவும் அந்த மனுஷனுடைய மகள் போட்ட காப்பி!

அது 1964, மாசி மாதம். நாச்சிமுத்துவின் பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் முடியவில்லை. அவரை எரித்த இடத்தில் சாம்பல் ஆறியிருக்குமோ என்னவோ.

"ஒருதரம் எரிச்சது பத்தாதா பாஸ்டரய்யா? இன்னமும் எரிஞ்சுக்கிட்டேதான் கிடக்கணுமா?" என்று கேட்டாள்.

"நான் வச்ச சட்டமா இது? வேதம் சொல்லுது. மனுஷன் ஒரு தடவைதான் சாகுறான். அதுக்கப்புறம் தீர்ப்பு. நடுவுல இன்னொரு தருணம் கிடையாது. உசுரோட இருக்கையில அவரை எத்தனை தடவை கூப்பிட்டோம்? வந்தாரா?"

வேதமாணிக்கம் கெட்ட மனுஷர் அல்ல. காலரா வந்த வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத வீடுகளுக்குள் அவர்தான் போய்த் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அன்றைக்கு அவர் துக்கம் விசாரிக்க வரவில்லை. அவள் மேல் ஒரு பிராது வந்திருந்தது. அப்பாவின் பிணத்துக்கு அவள் கோடித்துணி போட்டாளாம். வாயில் அரிசி போட்டாளாம். சபையில் உள்ளவர்கள் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"போட்டேன். மக போடாம வேற யாரு போடுவா?"

"அது அஞ்ஞானச் சடங்கும்மா. உசுரு போன உடம்புல ஆவி இல்ல. நீங்க கோடி போட்டது வெறும் மண்ணுக்கு."

"மண்ணுக்குத் துணி போட்டா அதுல என்ன பாவம்?"

போதகர் டம்ளரைக் கீழே வைத்தார். சபை முன்னால் எழுந்து நின்று பாவத்தை அறிக்கை செய்கிற வரைக்கும் அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மிச்சக் காப்பியை ஆனந்தமேரி வாசல் சாக்கடையில் ஊற்றினாள்.

ஆனந்தமேரி பிறந்தபோது அவள் பெயர் மூக்காயி. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில், சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சின்ன ஊர். அப்பா நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் நிலம், தானே தோண்டிய ஒரு கிணறு. வெங்காயம் போடுவார். அம்மா தம்பி சங்கிலியைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்தாள். பெண் பிள்ளை வீட்டில் கிடந்து சீரழிய வேண்டாம் என்று நாச்சிமுத்து அவளைத் திண்டுக்கல்லில் மிஷன் போர்டிங் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். ஊர் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்தைக்கு வெங்காயம் கொண்டுவருகிற நாளெல்லாம் கூடையோடு பள்ளிக்கூட கேட்டில் வந்து நிற்பார். மடியில் வறுத்த நிலக்கடலை இருக்கும்.

பதின்மூன்று வயதில் அவள் ஞானஸ்நானம் வேண்டும் என்றாள். பள்ளியில் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "அதுக்குப் பிடிச்சிருந்தா தண்ணி ஊத்திக்கிறட்டும். எம்புள்ளைதான, தண்ணி பட்டா கரைஞ்சா போயிரும்?" என்றார். அன்றைக்கு மிஷன் கோயிலுக்குள் வரவில்லை. வெளியே ஜன்னலோரம் கூடையோடு நின்று பார்த்தார். ஆனந்தமேரி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சாகிற வரைக்கும் அவர் வாயில் நுழையவில்லை. அவருக்கு அவள் மூக்காயிதான்.

அவரையும் சபைக்குக் கூப்பிடத்தான் செய்தார்கள். வேதமாணிக்கத்துக்கு முன்னால் இருந்த போதகர் கூப்பிட்டார், வேதமாணிக்கமும் கூப்பிட்டார். எல்லோருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

"செத்தா எங்கப்பன் ஆத்தா எங்க இருக்காகளோ அங்கன போறேன் சாமி. அவுக இல்லாத இடம் எம்புட்டு நல்ல இடமா இருந்தாலும் எனக்கு எதுக்கு?"

ஆனந்தமேரிக்குச் சபையே மாப்பிள்ளை பார்த்துக் கட்டிவைத்தது. மாசிலாமணி என்று பெயர். தோல் ஷாப்பில் வேலை. மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம், கீர்த்தனை பாடினால் கோயிலே அதிரும். மதுவிலக்கு இருந்த காலம். ஊரில் எவனுக்குக் கிடைக்காவிட்டாலும் அவனுக்குக் கிடைத்தது. சாராயம் கிடைக்காத நாளில் வார்னிஷ் குடித்தான். குடித்த நாளெல்லாம் அடித்தான். அவள் முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பது அவன் கைவேலை. மகள் சகாயராணி பிறந்த பிறகும் அடி நிற்கவில்லை. ஒருநாள் நாச்சிமுத்து மாட்டுவண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு போகம் வெங்காயம் வீடு வந்து சேரும் வரைக்கும் அவர்களை வைத்துச் சோறு போட்டார். பிறகு அவள்தான் அவர் சொல்லியும் கேட்காமல் திண்டுக்கல் திரும்பி, ஒரு சுருட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். புகையிலை சுருட்டிச் சுருட்டி விரல் நுனியெல்லாம் காவி ஏறிப்போனது.

மாசிலாமணி கடைசியில் வார்னிஷ் குடித்தே குடல் வெந்து செத்தான். அவனுக்கு நடந்த அடக்கம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வெள்ளைப் பூ, பாட்டு, மணி. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று இதே வேதமாணிக்கம்தான் சொன்னார். கடைசி நேரத்தில் மனந்திரும்பினானாம். அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போகட்டும், அவனும் ஒரு பிள்ளையாகப் பிறந்தவன்தான் என்று விட்டாள்.

இப்போது அதை நினைத்தால்தான் பொறுக்கவில்லை. பல்லை உடைத்தவன் மோட்சத்தில் பாடிக்கொண்டிருக்கிறான். வண்டி கட்டி வந்தவர் நெருப்பில் கிடக்கிறார். இது என்ன கணக்கு? கம்பெனியில் ஒரு சுருட்டு கோணலாகப் போனாலே மேஸ்திரி திருப்பிக் கொடுக்கிறான். இதைக் கேட்க ஒரு ஆள் இல்லையா?

மறுவாரம் போதகரிடமே கேட்டாள். அவர் ஐசுவரியவான் கதையைச் சொன்னார். செத்தபிறகு அவன் நெருப்பில் கிடந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்டான். மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் பெரிய பிளப்பு. இங்கிருந்து அங்கே யாரும் போக முடியாது, அங்கிருந்து இங்கே வர முடியாது.

"அவன் வாசல்ல கிடந்த பிச்சைக்காரனுக்குச் சோறு போடாதவன். எங்கப்பா எந்தப் பிச்சைக்காரனை விரட்டுனாரு? சொல்லுங்க பாத்துக்கலாம்."

"நற்கிரியை காப்பாத்தாதும்மா. விசுவாசந்தான் காப்பாத்தும்."

"அப்ப அடிக்கிறவன் அடிக்கலாம், விசுவாசிச்சாப் போதும்."

"நாக்கை அடக்குங்க ஆனந்தமேரி" என்றார் போதகர்.

அவள் அடக்கினாள். அடக்கியதற்குக் காரணம் சகாயராணி. வத்தலக்குண்டில் ஒரு பஸ் கண்டக்டருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பையன் தங்கமானவன், சகாயராணிக்கு அவன் பெயரைச் சொன்னாலே காது சிவந்தது. ஆவணி மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. திருவிருந்து நிறுத்தப்பட்டு ஒழுங்குக்குள் இருக்கிறவள் வீட்டு ஓலையை எப்படி வாசிப்பது என்று சபை மூப்பர்கள் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அறிக்கை செய்தால் ஓலை; இல்லாவிட்டால் இல்லை.

ஆடி மாதம் கல்யாணப் பேச்சுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து மாசிலாமணியின் தம்பி இஸ்ரவேல் வந்தான். பஞ்சாலையில் வேலை. அண்ணனைப் போல இல்லை, பூனையைக்கூட அதட்டமாட்டான். ஆனால் எதையாவது புதிதாகப் பிடித்துக்கொண்டால் விடமாட்டான். ஒரு வருஷம் ஹோமியோபதி, ஒரு வருஷம் எஸ்பெராண்டோ என்ற உலகப் பொதுமொழி. இந்த வருஷம் அவன் மார்மன் சபையைப் பிடித்திருந்தான். அமெரிக்காக்காரர்களின் சபை. கோயம்புத்தூரில் ஒரு நண்பரிடம் அந்தச் சபையின் சின்னச் சின்னப் பிரசுரங்கள் வந்தன. இஸ்ரவேல் அகராதியை வைத்துக்கொண்டு அத்தனையையும் படித்திருந்தான்.

ராணி அடுப்படியில் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தாள். ஆனந்தமேரி முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இஸ்ரவேல் தொடங்கினான்.

"மதினி, ஆவின்னா என்னமோ புகை மாதிரின்னுதான நினைச்சிருக்கீக? அதுவும் ஒரு பொருளுதானாம். ரொம்ப மெல்லிசான பொருளு, நம்ம கண்ணுக்குத்தான் தட்டுப்படாது. நாமெல்லாம் பொறக்குறதுக்கு முந்தியே ஆவியாப் பரலோகத்துல தகப்பன்கிட்ட இருந்தோமாம்."

"பொறக்குறதுக்கு முந்தியா? தாய் வயித்துலதான் கடவுள் ஆவியைக் கொடுக்குறாருன்னு பாஸ்டரய்யா சொல்றாரு. அப்படி முந்தியே இருந்திருந்தா எனக்கு ஏன் ஞாபகம் இல்ல?"

"மறக்கடிச்சுத்தான் அனுப்புறாக."

"அதான பார்த்தேன். ஞாபகம் இருந்திருந்தா உங்க அண்ணனைக் கட்ட இங்கன வந்திருப்பேனா?"

இஸ்ரவேல் தலையை ஆட்டிவிட்டு மேலே சொன்னான். செத்த உடனே மோட்சம், நரகம் என்று இரண்டாகப் பிரித்துப் போடுவதில்லையாம். ஆவிகளுக்கென்று ஒரு லோகம் இருக்கிறதாம். விசுவாசித்து நல்லபடியாக வாழ்ந்தவர்கள் ஒரு பக்கம் இளைப்பாறுவார்கள். சுவிசேஷத்தை ஏற்காதவர்கள் இன்னொரு பக்கம். அதைச் சிறை என்றுதான் சொல்கிறார்கள்.

"திண்டுக்கல் பூட்டாப் போட்டிருக்காக?" என்றாள் ராணி அடுப்படியிலிருந்து.

"பூட்டே இல்ல தாயி. அது காத்திருக்கிற இடம். அங்கன இருக்கிறவுகளுக்கும் போயிப் போதிப்பாக. ஏத்துக்கிட்டா வெளிய வந்துறலாம். கடைசித் தீர்ப்புக்கு அப்புறமும் ஒரே மோட்சம் இல்ல, மூணு படி. சூரியன் மாதிரி ஒண்ணு, நிலா மாதிரி ஒண்ணு, நட்சத்திரம் மாதிரி ஒண்ணு. ஒண்ணுலயும் சேராம இருட்டுக்குப் போறவன் ரொம்ப ரொம்பக் கொஞ்சம்."

ஆனந்தமேரியின் கை முறத்தில் நின்றுவிட்டது. "எங்கப்பாவுக்கும் போதிப்பாகளா?"

"அவருக்கு மட்டுமா? அவரு அப்பனுக்கும் போதிப்பாக, பாட்டனுக்கும் போதிப்பாக."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா கேட்டதும் அதைத்தானே! எங்கப்பன் ஆத்தா இல்லாத இடம் எனக்கு எதுக்கு என்றுதானே கேட்டார்? எல்லோரையும் சேர்த்துக் கூட்டிப்போகிற வழி ஒன்று இருந்தால் அவர் மறுத்திருப்பாரா?

"ஆனா ஞானஸ்நானம் வேணும்" என்றான் இஸ்ரவேல். "ஆவிக்குத் தண்ணியில முங்க உடம்பு ஏது? அதுனால உசுரோட இருக்கிறவுக யாராச்சும் அவுக பேரைச் சொல்லி முங்கணும். நம்ம கோயில்ல மாதிரித் தலையில தெளிச்சா ஆகாது, முழுசா முங்கணும். இன்னொண்ணு மதினி, அவுகளுக்குக் குடும்பம் நித்தியத்துக்கும் குடும்பந்தான். புருஷன் பொஞ்சாதியைச் சேர்த்து முத்திரை போட்டுருவாக. நீங்களும் அண்ணனும்..."

"யாரு? உங்க அண்ணனா? நித்தியத்துக்குமா?"

இஸ்ரவேல் முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தான்.

"அந்த ஒரு விஷயத்துல நம்ம பாஸ்டரய்யா சொல்றதுதாம்ப்பா சரி. மோட்சத்துல கொள்வினை கொடுப்பினை கிடையாதாம். நிம்மதி" என்றாள் ஆனந்தமேரி. ராணி கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்பா செத்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

மறுநாள் காலையில் அவள் கம்பெனிக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் நத்தம் பஸ் ஏறிப் பிறந்த ஊருக்குப் போனாள். அப்பா தோண்டிய கிணற்றில் படியிறங்கினாள். ஆடிக் காற்றில் மேலே தென்னை பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் மட்டும் ஒரே அமைதி. கடப்பாரை பட்ட தழும்பு பாறையில் அப்படியே இருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று, "நாச்சிமுத்துக்காக" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சேலையோடு முங்கினாள். தலை வெளியே தெரிந்துவிட்டதோ என்று சந்தேகம். இன்னொரு தடவை முங்கினாள். எழுந்தபோது நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல இருந்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று சொல்ல மறந்துவிட்டோமே என்று அப்புறந்தான் ஞாபகம் வந்தது. அதற்காக மூன்றாவது தடவையும் முங்கினாள்.

படியேறி வந்தால் மேலே தம்பி சங்கிலி நிற்கிறான். கண் கலங்கியிருந்தது.

"வருவேன்னு நினைக்கவே இல்லக்கா. அப்பாவுக்காகவா முங்குன?"

"ஆமாடா."

"எனக்குத் தெரியும், நீ விடமாட்டேன்னு. வா, படையல் போடப் போறோம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு ஆடி அமாவாசை. ஊரே செத்தவர்களுக்காகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. இல்லையப்பா, இது வேறு என்று எப்படிச் சொல்வது? அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. "சாயங்காலமானா அப்பா இந்தக் கிணத்து மேட்டுலதான் நிக்கிறாருக்கா, நான் பார்த்தேன்" என்றான் அவன். வாழையிலையில் சோறு, அவருக்குப் பிடித்த வெங்காயக் குழம்பு, ஒரு சுருட்டு. ஈரச் சேலையோடு ஆனந்தமேரி இலைக்கு முன்னால் நின்றாள். வெங்காயம் பார்க்க வந்த ஒரு தரகர் வரப்பில் போய்க்கொண்டிருந்தார். அவர் திண்டுக்கல்லில் சபைக் கோயிலில் ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்காருகிறவர்.

வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னதும் இஸ்ரவேல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன மதினி செஞ்சு வச்சிருக்கீக! யாரு வேணும்னாலும் எங்கன வேணும்னாலும் முங்கிற முடியுமா? அதிகாரம் உள்ள ஆளு கூட நின்னு முக்கணும். ஆம்பளைக்காக ஆம்பளைதான் முங்கணும். அதுக்குன்னு கட்டுன ஆலயத்துலதான் நடக்கணும்."

"அந்த ஆலயம் எங்கன இருக்கு?"

"அமெரிக்காவுல. இன்னும் ரெண்டு மூணு வெள்ளைக்காரத் தேசத்துல. நம்ம தேசத்துல இல்ல."

"ஓகோ!" என்றாள் ஆனந்தமேரி. ஈரத் தலையை அள்ளி முடிந்தாள். "எங்கப்பன் தோண்டுன கிணறு ஆகாது. வெள்ளைக்காரன் கட்டுன தொட்டி ஆகும். நரகம் மட்டும் நத்தம் ரோடு வரைக்கும் நடந்து வருது, மோட்சத்துக்குப் போகணும்னா கப்பல் ஏறணும், இல்ல?"

"கோவிச்சுக்கிறாதீக. அவரு பேரு, பொறந்த வருஷம் சொல்லுங்க, நான் எழுதி அனுப்புறேன். அங்கன யாராச்சும் அவருக்காக முங்குவாக."

"முன்னப்பின்ன தெரியாத எவனோ எங்கப்பன் பேரைச் சொல்லிக் குளிப்பானா? அவருகிட்ட யாரு கேட்டா?"

"கட்டாயம் இல்ல மதினி. அவரு வேணாம்னா வேணாந்தான். அங்கயும் அவரு இஷ்டந்தான்."

கோபத்திலும் அந்தக் கடைசிப் பேச்சு அவள் காதில் தங்கிவிட்டது. அங்கேயும் அவர் இஷ்டந்தான். ஒரு போதகர் அங்கே போய்ப் பேசுவதையும், அப்பா வெங்காயக் கூடை மேல் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தலையைச் சொறிவதையும் அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. என்ன பதில் சொல்வார் என்று மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே ஆறுதலாக இருந்தது.

அமாவாசைச் சங்கதி அடுத்த ஞாயிறுக்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது. வேதமாணிக்கம் வந்தார். இந்தத் தடவை அவள் காப்பி கொடுக்கவில்லை.

"கோடி போட்டீக, துக்கத்துல செஞ்சதுன்னு நினைச்சேன். இப்ப அமாவாசைக்கு முழுக்கு, படையல்! என்ன நடக்குது?"

"அது அமாவாசை முழுக்கு இல்ல. ஞானஸ்நானம்."

இஸ்ரவேல் சொன்னதையும், சங்கிலி கிணற்று மேட்டில் அப்பாவைப் பார்த்ததையும் அவள் சொன்னாள். கேட்கக் கேட்கப் போதகரின் முகம் கறுத்தது. வேதத்தில் இல்லாத உபதேசம் என்றார். செத்தவனுக்கு இரண்டாம் தருணம் உண்டு என்றால் உயிரோடிருக்கிறவன் ஏன் மனந்திரும்புவான் என்று கேட்டார். அந்தக் கிணற்று மேட்டில் நிற்பது உங்கள் அப்பா அல்ல, அவர் வேஷத்தில் வருகிற பிசாசு என்றார். அவர் நரகத்தில்தான் இருக்கிறார் என்று சபை முன்னால் நீங்களே சொல்ல வேண்டும் என்றார். பிறகு சட்டென்று குரல் இறங்கியது.

"எங்க தாத்தாவும் சாமியாடிதாம்மா. ஞானஸ்நானம் இல்லாமத்தான் செத்தாரு. என்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவரு. அவரை நினைச்சு நான் அழாத நாளு இல்ல. அதுக்காக வேதத்தை என் இஷ்டத்துக்கு வளைக்க முடியுமா?"

அவளுக்கு ஒரு நிமிஷம் அவர் மேல் இரக்கம் வந்தது. அப்புறம் இரண்டு மடங்கு கோபம் வந்தது. "நீங்க அழுங்க பாஸ்டரய்யா. அதை என்னைய ஏன் சொல்லச் சொல்றீக?"

"ஞாயித்துக்கிழமை சபை முன்னால அறிக்கை. அன்னைக்கே ஓலை வாசிக்கிறேன். இல்லன்னா என்னால ஆகாது" என்று எழுந்துவிட்டார்.

அவர் போனதும் ராணி அழுதாள். "சொன்னா என்னம்மா? தாத்தா கேக்கவா போறாரு? ஒரு வார்த்தைதான? எனக்காகச் சொல்லேன்."

மகள் முகத்தைப் பார்த்து, "சரி, சொல்றேன்" என்றாள் ஆனந்தமேரி. நிஜமாகத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பிரசங்கம் முடிந்ததும் போதகர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"நான் அஞ்ஞானச் சடங்குகளில் பங்கெடுத்துப் பாவம் செய்தேன்."

சொன்னாள். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த ராணி மூச்சு விட்டாள்.

"மரித்தவர்களுக்காக முழுகிப் படையலிட்டுப் பாவம் செய்தேன்."

அதையும் சொன்னாள்.

"விசுவாசியாமல் மரித்த என் தகப்பனார் நித்திய அக்கினியில் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறேன்."

ஆனந்தமேரி வாயைத் திறந்தாள். கண் தானாக ஜன்னல் பக்கம் போனது. பதின்மூன்று வயதில் அவள் தலையில் தண்ணீர் விழுந்தபோது அப்பா கூடையோடு நின்ற அதே ஜன்னல். அங்கே இப்போது வெயில் மட்டும் இருந்தது.

"சொல்லும்மா" என்றார் போதகர்.

"அதை நீங்களே சொல்லிக்கங்க பாஸ்டரய்யா" என்றாள். சுருட்டுக் கம்பெனி இரைச்சலில் பேசிப் பழகிய குரல், கோயிலின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. "நான் செஞ்சது தப்புன்னு சொல்லச் சொன்னீக, சொன்னேன். எங்கப்பா எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தீர்ப்புச் சொல்றவரு நீங்க இல்ல, கடவுள். அவரு இன்னும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. பல்லை உடைச்சவனை இந்த இடத்துலதான் வச்சு மோட்சத்துக்கு அனுப்புனீக. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? எங்கப்பாவை விட்டுருங்க."

ஆண்கள் பக்கத்தில் யாரோ "உட்காரு!" என்று கத்தினார்கள். அவள் உட்காரவில்லை. வேதமாணிக்கம் கையில் இருந்த ஓலைக் காகிதத்தை மெதுவாக மடித்தார்.

"அப்போ இதை நான் வாசிக்க முடியாது."

ராணி பாயிலிருந்து எழுந்தாள். அம்மாவைத் திட்டப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனந்தமேரியும் அப்படித்தான் நினைத்தாள். ராணி வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"வாசிக்க வேணாம் பாஸ்டரய்யா" என்றாள். "தாத்தா கட்டிட்டு வந்த அந்த வண்டியில நானும் வந்தவ."

கல்யாணம் நின்றுவிடும் என்று மூப்பர்கள் சொன்னார்கள். நிற்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா வியாகுலம்மாள் வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸேறி வந்து, நடந்ததை முழுக்கக் கேட்டாள். "எங்க மாமியாருக்கு நானும் ஒளிச்சு வச்சுக் கோடி போட்டவதான். நீ சத்தமாப் போட்டுட்ட, அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றாள். அவர்கள் ஊர்க் கோயிலில் அவர்கள் போதகர் ஓலை வாசித்தார்; பெண்ணின் தாத்தா எங்கே இருக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசியில் தாலி ஏறியது. சங்கிலி ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்து பந்தியில் உட்கார்ந்தான். இஸ்ரவேல் தாலி கட்டி முடிந்ததும் மெதுவாக மதினியிடம், அந்தப் பேரை அனுப்பட்டுமா என்று மறுபடியும் கேட்டான்.

"அவரு வந்து கேட்டா அனுப்பு" என்றாள் ஆனந்தமேரி.

எல்லோரும் அவள் இனி அந்தக் கோயில் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் மணிக்கே வந்து, பெண்கள் பக்கம் முதல் பாயில் உட்கார்ந்தாள். தூணோரம் பின்னால் உட்காரச் சொன்னார்கள். "எனக்குத் தண்ணி ஊத்துன கோயிலு இது. எதுக்குப் பின்னால போகணும்?" என்று கேட்டாள். திருவிருந்து நேரத்தில் ஒழுங்குக்குள் இருப்பவர்கள் எழுந்து வெளியே போவது வழக்கம். அவள் போகவில்லை. மாதாமாதம் வேதமாணிக்கம் கிண்ணத்தோடு வருவார். ஒருத்தி, அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று கொடுத்துக்கொண்டே வந்து, ஆனந்தமேரி முன்னால் ஒரு கணம் நின்று, அவளைத் தாண்டிப் போவார்.

மற்றவர்கள் எல்லோரும் தலை குனிந்திருப்பார்கள். அவள் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் பார்வையைத் தாழ்த்துகிறவர் எப்போதும் அவராகத்தான் இருந்தார்.